ஒறுப்பும் கண்ணோட்டமும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அறமன்றங்கள் குற்றவாளிகளுக்கு மென்மையான தண்டனை தருகின்றனவா? சிறையால் பயன் உண்டா?' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் சட்டம் பயின்றவன் அல்லேன். முப்பதாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருபவன். எனினும், முறைசெய்தல் என்பது தமிழன் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணித் துணிந்த பொருளாகலின், தமிழாசிரியன் ஒருவன் இதுபற்றிப் பேசுவது மிகையாகாது என நம்புகிறேன்.

நாட்டில் கொடிய குற்றம் ஒன்று நிகழ்ந்த மறுநாட் காலையில் எந்தத் தேநீர்க்கடைக்குச் சென்றாலும் இரண்டு குரல்களைக் கேட்கலாம். 'நடுத்தெருவில் தூக்கிலிட வேண்டும். சிறையில் வைத்துச் சோறு போடவா நாம் வரி கட்டுகிறோம்?' என்பது ஒரு குரல். 'சிறைக்குப் போய்த் திருந்தியவன் எவன்? சின்னத் திருடனாகப் போனவன் பெரிய திருடனாக வருகிறான்' என்பது மற்றொரு குரல். முன்னது சினத்தின் குரல். பின்னது சலிப்பின் குரல். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு வினாவைக் கேளாமல் விட்டுவிடுகின்றன. மென்மை எங்கே இருக்க வேண்டும்? எங்கே இருக்கக் கூடாது? இதற்கு விடை காணாமல், தண்டனை ஏழாண்டா பத்தாண்டா என்று வழக்காடிப் பயனில்லை.

வள்ளுவர் வகுத்த முறை

விடைக்காக நாம் எங்கும் அலைய வேண்டா. திருவள்ளுவர் பொருட்பாலில் 55 முதல் 58 வரை நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்பன அவை. செங்கோன்மையின் முதற் குறளிலேயே, குற்றத்தை ஆராய்க, யாரிடத்தும் கண்ணோடாமல் நடுவுநிலையில் நின்று தேர்ந்து செய்க என்கிறார். அவ்வதிகாரத்தின் இறுதியில், கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைப் பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பிடுகிறார். ஆனால் மூன்று அதிகாரம் தள்ளி வந்தவுடன், கண்ணோட்டம் இருப்பதனாலேயே உலகம் நிலைபெற்றுள்ளது என்று பாடுகிறார். 'முதலில் கண்ணோடாதே என்றவர் பிறகு கண்ணோடு என்கிறாரே, இது முரண் அன்றோ ஐயா?' என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பதுண்டு.

முரண் இல்லை. இடையில் நிற்கும் வெருவந்த செய்யாமையின் முதற் குறளை நோக்குங்கள். தக்கவாறு ஆராய வேண்டும். அக் குற்றம் மீண்டும் நிகழாதபடி ஒறுக்க வேண்டும். ஒறுப்பு குற்றத்தின் அளவிற்கு ஒத்திருக்க வேண்டும். இம் மூன்றையும் ஒருங்கே சொல்கிறது அக் குறள். அடுத்த குறளோ, கோலைக் கடுமையாக ஓங்கினாலும் மெல்ல விழச் செய் என்கிறது. ஆகவே வள்ளுவர் வகுத்த முறை இதுதான்: ஆராய்வில் கண்ணோட்டம் கூடாது, அளவில் கண்ணோட்டம் வேண்டும். அந்தக் கண்ணோட்டமும் கடமையைச் சிதைக்காததாக இருக்க வேண்டும் என்று கண்ணோட்ட அதிகாரத்திலேயே வரம்பும் கட்டிவிட்டார்.

இன்று நாட்டில் நடப்பது இதன் தலைகீழ். ஆராயும்போது ஆளைப் பார்த்துக் கண்ணோடுகிறோம், காலத்தைக் கடத்துகிறோம், பிறகு அக் குறையை மறைப்பதற்காகத் தண்டனையின் அளவைக் கூட்டு, கூட்டு என்று கூவுகிறோம். நான் சொல்ல வந்த செய்தி இவ்வளவே. இனி இதற்குச் சான்றுகள் காட்டுவேன்.

ஆராய்வில் புகுந்த மென்மை

1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு. கீழத்தஞ்சைக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. நாகையில் கீழ்மன்றம் நிலக்கிழார்களுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் சென்னை உயர் அறமன்றம் அவர்களை விடுவித்தது. அவர்கள் பெருஞ்செல்வர்கள், மகிழுந்து வைத்திருப்பவர்கள். அத்தகையோர் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்னும் கருத்தும் அத் தீர்ப்பில் இடம்பெற்றது.

பெருமக்களே! இங்கே சட்டம் மென்மையாகவா இருந்தது? கொலைக்குத் தூக்கு வரை விதிக்க அன்றும் சட்டத்தில் இடம் இருந்தது. கடுமைக்குக் குறைவில்லை. மகிழுந்து உடையவன் நடந்து வரமாட்டான் என்று எண்ணும் நெஞ்சத்தின் முன், சட்டத்தை எத்துணைக் கடுமையாக்கி என்ன பயன்?

இன்னொன்று பாருங்கள். 1992 சூன் 20ஆம் நாள், பழைய தகடூர் நாடாகிய தருமபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூர். சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக் காட்டுத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்து சூறையாடினர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். தீர்ப்பு எப்போது வந்தது? 2011 செப்டம்பர் 29இல். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்றது மன்றம். ஆனால் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளுக்குள் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேருக்கே தண்டனை. உயர் அறமன்றம் அதனை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோர் ஆண்டு! அன்று இளம்பெண்களாக இருந்தோர் பாட்டியரான பிறகு அறம் வந்து கதவைத் தட்டியது. இறந்த 54 பேருக்கும் கிடைத்த மென்மையை எந்த நடுவரும் வழங்கவில்லை. காலத்தாழ்வே வழங்கியது. இந்நாட்டில் குற்றவாளிக்குக் கிடைக்கும் மென்மைகளுள் மிகப் பெரியது அதுவே.

கடுமை செய்யும் கேடு

'அப்படியானால் ஆராய்வையும் விரைவாக்குவோம், தண்டனையையும் கடுமையாக்குவோம், என்ன குறைந்துவிடும்?' என்று சிலர் கேட்கலாம். அளவு மீறிய கடுமை ஆராய்வையே கெடுத்துவிடும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்று. நம்மை ஒன்றரை நூற்றாண்டுக்குமேல் ஆண்ட 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அந்நாட்டார் எழுதியது ஆதலின், அவர்கள் பட்டறிவை நாம் அறிதல் நன்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குச் சாவுத் தண்டனை இருந்தது. வீட்டுக்குள் 40 சில்லிங்கு மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. விளைந்தது என்ன? தீர்ப்புச் சொல்ல அமர்ந்த பொதுமக்கள் குழுவினர், சிறு திருட்டுக்காக ஓர் ஏழையைக் கயிற்றுக்கு அனுப்ப நெஞ்சம் ஒப்பாமல், பொருளின் மதிப்பு 39 சில்லிங்கு என்று பலமுறை எழுதிவிட்டனர். பொருளைப் பறிகொடுத்தவர்களிலும் பலர் வழக்குத் தொடுக்கவே தயங்கினர். சட்டம் எல்லாரையும் அச்சுறுத்தியது. எவன் சிக்குவான் என்பது ஊழின் கையில் இருந்தது. 1808இல் சாமுவேல் உரோமிலி என்பாரின் முயற்சியால் சட்டைப்பைத் திருட்டுக்கு இருந்த சாவுத் தண்டனை நீங்கியது. படிப்படியாகப் பிறவும் நீங்கின. இதற்கு முன்பே, 1764இல், இத்தாலியரான பெக்காரியா தம் நூலில், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் 'தப்ப முடியாது' என்னும் உறுதியே என்று நிறுவியிருந்தார்.

இதனை நாங்கள் வகுப்பறையிலேயே காண்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை பிரம்பு முறிய அடிக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். நாள்தோறும் வீட்டுப்பாடத்தை வாங்கித் திருத்தும் ஆசிரியரை ஏமாற்றவே மாட்டார்கள்.

கடுமையில் இன்னொரு பெருங்கேடும் உண்டு. தவறு நேர்ந்தால் திருத்த முடியாது. 1991இல் நிகழ்ந்த இராசீவ் காந்தி கொலை வழக்கில், 1998 சனவரி 28இல் பூந்தமல்லித் தனிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11இல் உச்ச அறமன்றம் அவர்களுள் 19 பேரை விடுதலை செய்தது; நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்நால்வர் தூக்கும் 2000இலும் 2014இலும் வாழ்நாள் சிறையாகக் குறைந்தது. 2022இல் எழுவரும் வெளியே வந்தனர். அக் கொலையின் கொடுமையை எவரும் குறைத்துப் பேச வேண்டா. நான் கேட்பது ஒன்றே. நாட்டின் சினத்துக்கு இணங்கி 1998இலேயே கயிறு இறங்கியிருந்தால், அந்தப் 19 உயிர்களை எந்த மேன்முறையீடு மீட்டுத் தந்திருக்கும்? சிலப்பதிகாரப் பாண்டியன் ஒரு பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பி ஓர் உயிரைப் பறித்தான். பிழை தெரிந்த நொடியில் தன் உயிரையும் விட்டான். உயிர் விட்டும் கோவலனை அவனால் எழுப்ப முடியவில்லையே!

சிறைக்குள் இருப்போர் யார்?

இனிச் சிறைக்கு வருவோம். 'சிறை குற்றவாளியைத் திருத்துமா?' என்று கேட்குமுன், சிறைக்குள் இருப்போர் குற்றவாளிகள்தாமா என்று கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவற்றின் கொள்ளளவோ 4,36,266. உள்ளே இருந்தோருள் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைவருக்கும் மேற்பட்டோர், 'விசாரணைக் கைதிகள்' என்று நாளிதழ்கள் எழுதும் உசாவல் சிறையாளர்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். நால்வரில் மூவருக்குத் தீர்ப்பே வரவில்லை, தண்டனை நடந்துகொண்டிருக்கிறது. இவர்களை நோக்கி 'இந்நாட்டில் தண்டனை மென்மை' என்று சொல்ல நமக்கு நாக் கூசாதா?

இது புதிதன்று. பீகார்ச் சிறைகளில், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையினும் நெடுங்காலம் உசாவலின்றிக் கிடந்தவர்கள் பற்றி 1979இலேயே உச்ச அறமன்றம் பேசிற்று. விரைந்த உசாவல் ஒருவனது வாழ்வுரிமையின் கூறு என்று அன்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு இருக்கிறது, நிலைமையும் அப்படியே இருக்கிறது.

என் பழைய மாணவன் ஒருவன். நன்றாகப் படிக்கக்கூடியவன், தந்தை இறந்தபின் பள்ளியை விட்டான். கிணற்றுப் பொறியின் செம்புக் கம்பியைத் திருடினான் என்று பிடிபட்டான். திருடியதும் உண்மைதான். பிணை கிடைத்தது, பிணையாளி கிடைக்கவில்லை. சொத்துள்ள எவன் அந்தக் குடிசைக்காரனுக்காகக் கையெழுத்திடுவான்? பதினொரு திங்கள் உள்ளே கிடந்தான். தீர்ப்பு வந்தபோது தண்டனை ஆறு திங்கள். மிகையாகக் கழித்த ஐந்து திங்களை யாரிடம் போய்க் கேட்பது? உள்ளே போகும்போது கம்பி அறுக்க மட்டும் தெரிந்தவன், வெளியே வரும்போது பூட்டுத் திறக்கவும் கற்றிருந்தான். 'மன்றத்தில் என்ன பேசினார்கள் தம்பி?' என்று கேட்டேன். 'எல்லாம் ஆங்கிலத்தில் பேசினாங்க ஐயா. என் பேரு மட்டும் விளங்கிச்சு' என்றான்.

இந்த இடத்தில்தான் தமிழ் பற்றிய கவலை முறைசெய்தலோடு ஒன்றாகிறது. தண்டனை ஒருவனைத் திருத்த வேண்டுமானால், தான் ஏன் தண்டிக்கப்பட்டோம் என்பது அவனுக்கு விளங்க வேண்டும். கீழ்மன்றங்களில் தமிழ் வழங்குதற்கு 1976லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் நடைமுறையில் ஆங்கிலம் அகலவில்லை. உயர் அறமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, தில்லி இசையவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் மன்றங்களில் இந்திக்கு அந்த இசைவு முன்பே கிடைத்துள்ளது. 2024 சூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நியாய சன்கிதா' வந்துவிட்டது. எந்தச் சட்டத்தால் தான் தண்டிக்கப்பட்டான் என்பதை நம் சிற்றூரான் தன் வாயால் சொல்லவும் இயலாது!

சிறையால் பயன் உண்டா?

பயன் உண்டு, ஓர் எல்லை வரை. தொடர்ந்து கொலையும் வன்புணர்வும் செய்பவனை மக்களிடமிருந்து பிரித்து வைத்தே ஆக வேண்டும். அதனை மறுப்பவன் கண்ணோட்டமுடையவன் அல்லன், கடமையைச் சிதைப்பவன். ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் சிறையே மருந்து என்றவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் இங்கிலாந்தே காட்டுகிறது. 1993இல் அந்நாட்டு உள்துறை அமைச்சர் 'சிறை பயன் தருகிறது' என்று முழங்கினார். அப்போது இங்கிலாந்து, வேல்சுச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 45,000 பேர். இருபதாண்டுகளுக்குள் அத்தொகை 85,000 அளவை எட்டியது. அக்காலத்தில் குற்றங்கள் குறைந்தன என்பது உண்மையே. ஆனால் சிறையை அவ்வாறு பெருக்காத மேலைநாடுகள் சிலவற்றிலும் குறைந்தன. இறுதியில் சிறைகளில் இடமே இல்லாமற் போயிற்று. முன்பு பாதித் தண்டனை கழிந்தபின் விடுவிக்கப்பட்டவர்களுள் பலரை, 2024 செப்டம்பர் முதல் நூற்றுக்கு நாற்பது பங்கு கழிந்தவுடனேயே விடுவிக்க வேண்டியதாயிற்று. கடுமை என்று தொடங்கியது, இடமின்மையால் கதவைத் திறந்துவிடுவதில் முடிந்தது.

'சிறை' என்னும் நம் சொல்லையே எண்ணிப் பாருங்கள். அதற்குக் காவல் என்னும் பொருளும் உண்டு. அணை என்னும் பொருளும் உண்டு. தொல்காப்பியம் கல்லணையைக் கற்சிறை என்கிறது. அணை நீரை ஏன் தடுக்கிறது? வெள்ளமாகப் போய் ஊரை அழிக்காமல், வாய்க்கால் வழியே வயலுக்குப் போகட்டும் என்பதற்காக. மதகு இல்லாத அணையில் நீர் நாறும். அல்லது அணையை உடைத்துக்கொண்டு பாயும். சிறைக்கும் அதுவே. மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு காதைக்குப் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. பசித்துக் கிடந்த சிறையாளர்க்குச் சோறிட்ட மணிமேகலை, அரசனிடம் கேட்டுப் பெற்ற பரிசு அது. சிறைச் சீர்திருத்தம் மேலை நாட்டார் நமக்குக் கற்பித்தது என்போர் அக் காதையைப் படிக்கட்டும்.

மதகுகள் நம் சட்டத்திலும் இல்லாமல் இல்லை. 16 முதல் 21 அகவை வரையுள்ள இளங்குற்றவாளிகளைச் சிறையிலிடாமல் தனிப்பள்ளியில் வைத்துத் தொழில் கற்பிக்கச் சென்னை மாகாணம் 1925லேயே சட்டம் இயற்றிற்று. 21 அகவை நிரம்பாதவனை, வாழ்நாள் சிறைக்குரிய குற்றம் அல்லாதவற்றில், தக்க ஏதுவை எழுதிவைக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் நடுவர்களைக் கட்டுப்படுத்துகிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஐயாயிரம் உரூபாவுக்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடி, பொருளைத் திருப்பித் தந்தவனுக்குச் சிறைக்கு மாற்றாக ஊர்ப்பொதுப்பணியை விதிக்கிறது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவன், தூக்கோ வாழ்நாள் சிறையோ பெறத்தக்க குற்றம் அல்லாதவற்றில், உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கை உசாவற் காலத்திலேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது அதனோடு நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம். பெயர் பிடிக்கவில்லை என்பதற்காக உள்ளிருக்கும் நன்மையை மறுக்க வேண்டா. ஆனால் இந்த உரிமை தனக்கு உண்டு என்று எத்தனை சிறையாளர்க்குத் தெரியும்? எந்த மொழியில் அவர்களுக்குச் சொன்னார்கள்?

தாயின் வினா

இவ்வளவும் கேட்டபின், பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி எழுந்து, 'என் வயிறு எரிகிறதே, நீர் குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறீரே' என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவளிடம் வள்ளுவத்தை ஓதிக்கொண்டிரேன். 'அம்மா, உனக்கு வர வேண்டியது உண்மை. உன் பிள்ளையைக் கொன்றவன் இவன்தான் என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். அது உன் கண் மூடுமுன் தெரிய வேண்டும். அவன் எந்தக் குலத்தான், எந்தக் கட்சியான், எத்தனை மகிழுந்து வைத்திருக்கிறான் என்று பாராமல் தீர்ப்பு வர வேண்டும். இருபதாண்டு கழித்து வரும் தூக்கினும், ஓராண்டில் உறுதியாக வரும் வாழ்நாள் சிறை உனக்கு ஆறுதல் தரும்' என்பேன். வாச்சாத்தித் தாய்மார் பத்தொன்பது ஆண்டுகள் விடாமல் கேட்டது தூக்கையா? 'நடந்தது உண்மை என்று மன்றம் சொல்லட்டும்' என்றே அவர்கள் முதலில் கேட்டார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே பெருமக்களே, அடுத்த முறை ஒரு கொடுமை நிகழ்ந்து ஊரே கொதிக்கும்போது, 'தண்டனையைக் கூட்டு' என்னும் கூச்சலோடு நம் குரலையும் சேர்க்க வேண்டா. நாம் நான்கினைக் கேட்போம். வழக்கு குறித்த காலத்துள் முடிய வேண்டும். பிணையாளி இல்லாத ஏழை அக் குறையொன்றுக்காகவே உள்ளே கிடத்தல் ஒழிய வேண்டும். இளையோரையும் முதன்முறை தவறியோரையும் பழகிய கொடியோரோடு அடைத்தல் நிற்க வேண்டும். தமிழ்நாட்டு மன்றங்களில், கீழிருந்து மேல்வரை, குற்றஞ்சாட்டப்பட்டவன் காதில் விழுவது தமிழாக இருக்க வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றுக்கும் சட்டமன்றத்தை எதிர்பார்த்து நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இக் கூட்டத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். திங்களுக்கு ஒரு நாள் அருகிலுள்ள கிளைச்சிறைக்குச் செல்லுங்கள். மூன்றிலொரு பங்கு கழித்தவன் எவன் என்று கேளுங்கள். அவன் மனுவைத் தமிழில் எழுதுங்கள். சொத்துடைய அன்பர்கள் சிலராவது ஓர் ஏழைப் பிள்ளைக்குப் பிணைக் கையெழுத்திட முன்வாருங்கள். கண்ணோட்டம் என்பது மேடையில் பேசும் பொருள் மட்டும் அன்று. கையெழுத்திடும் கைக்கும் அது வேண்டும்.